புதுப்பிப்பு: ஹட்டனில் ரெண்டு ஸ்கூல் ஒண்ணான கதை

மகள் படிக்கிற சர்வதேசப் பள்ளி நுவரெலியாவிலுள்ள இன்னொன்றோடு ஒரே குழுமமாகப் போகுதாம், பிள்ளையை மாத்தவா என்று கேட்டிருந்தேன். மாத்தவில்லை.

பெயரும் அதிபரும் அப்படியேதான், நிர்வாகம் மட்டும் ஒன்று. இங்கே ஆளில்லாத பௌதிகவியலுக்கு அங்கிருந்து ஒரு சேர் வருவார். (நானுஓயா ரோட்டில் பனிமூட்டம் வழிவிட்டால்!)

பள்ளியில் கட்டிய வைப்புப் பணம் என்னவாகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்: சர்வதேசப் பள்ளிகள் கம்பனியாகத்தான் பதிவாகின்றன. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி இரண்டு கம்பனிகள் ஒன்றானால், பழைய கடன்களும் (திருப்பித் தரவேண்டிய வைப்புப் பணமும் அதில் அடக்கம்) புதியதன் தலையில்தான். இருந்தாலும் பற்றுச்சீட்டைக் காட்டி, அந்தப் பணத்துக்குக் குழுமத்தின் முத்திரையோடு கடிதம் வாங்கிவிட்டேன். நீங்களும் வாங்குங்கள்.

வேன் கட்டணம் ஏறுமா? அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்து மழுப்பினார்கள்.