புதிய மலை சைக்கிள்: பஞ்சரைத் தவிர்க்க முதலில் எதற்குச் செலவு செய்வது?

கன்னங்குறிச்சி வாசி:
அனைவருக்கும் வணக்கம். முதன்முறையாக ஒரு மலை சைக்கிள் வாங்கியிருக்கிறேன். 27.5 அங்குலச் சக்கரம், 2.1 அங்குல டயர், உள்ளே சாதாரண டியூப், டிஸ்க் பிரேக். காலையில் சேலம் மூக்கனேரிப் பக்கமும் விடுமுறை நாட்களில் ஏற்காடு அடிவாரம் வரையிலும் ஓட்டுகிறேன். பின்சக்கரம் அடிக்கடி பஞ்சராகிறது. டியூப் இல்லாமல் டயரிலேயே காற்று நிற்கும் டியூப்லெஸ்ஸுக்கு மாறச் சொல்கிறார் கடைக்காரர். காற்றை இறுக்கமாக ஏற்றினால் போதும் என்கிறார் என் மாமா. விரைவில் மலையேறும் எண்ணமும் இருப்பதால், எதை முதலில் செய்வது என்று சொல்லுங்கள்.

சேர்வராயன்:
நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன் பஞ்சரான டியூபில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டயரைத் தொடும் வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை இருந்தால் முள் அல்லது கம்பி குத்தியிருக்கிறது. பாம்புக்கடி போல அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்று குறைவாக இருந்த நேரத்தில் கல்லிலோ குழியின் விளிம்பிலோ மோதி, டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம்மைத் தொடும் உள்பக்கத்தில் இருந்தால் சாலையின் மீது பழியே இல்லை. டியூபைக் கழற்றும் முன், வால்வு நின்ற இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டால், ஓட்டைக்கு நேரான இடத்தைப் பிறகு டயரில் தேட வசதியாக இருக்கும்.

நெருஞ்சி:
நம் ஊர் ஏரிக்கரை என்றால் எனக்கு முதல் சந்தேகம் முள்ளின் மீதுதான். சீமைக்கருவேல முள்ளாவது நீளமாகக் கண்ணில் படும். நெருஞ்சியோ எப்படி விழுந்தாலும் ஒரு முனையை மேல்நோக்கி வைத்துக் கிடக்கும். முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள் தங்கிவிட்டால் புதிய டியூபையும் அதே இடத்தில் குத்தும். ஆகவே டயரின் உட்புறத்தைப் பஞ்சால் சுற்றித் துடையுங்கள். நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் லைனர் பட்டை முள்ளைத் தடுக்கும் என்றாலும், எடையைக் கூட்டும். அதன் விளிம்பு சரியாக அமராவிட்டால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போல உட்பகுதியைக் கழற்றக்கூடிய வால்வாக இருந்தால், டியூபுக்குள்ளேயே சீலண்ட் என்னும் அடைப்புத் திரவத்தை ஊற்றலாம். சிறிய முள் ஓட்டைகளை அது அடைத்துவிடும். நசுங்கிக் கிழிந்ததை அடைக்காது.

கன்னங்குறிச்சி வாசி:
இருவருக்கும் நன்றி. ஓட்டை உள்பக்கத்தில்தான் இருக்கிறது. ரிம்மின் மேலுள்ள ரப்பர் நாடா ஒருபுறம் விலகி, ஆரக்கம்பித் துளையின் விளிம்பு தெரிகிறது. அப்படியானால் டியூப்லெஸ் தேவையில்லையா?

சேர்வராயன்:
இப்போதைக்குத் தேவையில்லை. ரிம்மின் உட்புற அகலத்துக்குப் பொருந்தும் துணி நாடாவை ஒட்டினால் இந்தத் தொல்லை தீரும். டியூப்லெஸ் முள்காட்டுக்கு நல்லதுதான். ஆனால் ரிம்மும் டயரும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும், உள்ளே ஊற்றும் சீலண்டும் சில மாதங்களில் காய்ந்துவிடும், சேலத்துக் கோடையில் இன்னும் விரைவாக.

உங்கள் மாமா சொல்வது பாதி சரி. போதிய காற்று டியூப் நசுங்குவதைத் தடுக்கும், முள்ளைத் தடுக்காது. 70 கிலோ எடையுள்ளவர் இந்த டயரில் தார்ச்சாலைக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரையும், கரட்டுப் பாதைக்கு 30 அளவிலும் வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூடுதல். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைகளுக்குள் இருப்பது முக்கியம். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாமல் அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்குங்கள். உங்கள் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

காப்பித்தோட்டம்:
மலையேறுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வழியில் பஞ்சர் கடையை நம்பி ஏற வேண்டாம். மாற்று டியூப், இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல்கள், கைப்பம்ப் ஆகியவை பையில் இருக்கட்டும். வால்வு ஒல்லியான பிரெஸ்டா வகை என்றால், சாதாரணக் காற்றுக்குழாய் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளலாம்.

வண்டிகள் ஒதுக்கித் தள்ளும் கண்ணாடித் துண்டுகளும் கம்பிகளும் சாலையின் ஓரத்தில்தான் சேரும். ஈரமான ரப்பருக்குள் அவை எளிதாக இறங்கும் என்பதால், மழைக்காலத்தில் விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். செயினைச் சிறிய பற்சக்கரத்துக்கு மாற்றிப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பழக்கத்தை வீட்டு முற்றத்திலேயே வரவழைத்துக்கொண்டு, அதன் பிறகு ஏறுங்கள்.