பைக் சிலிண்டருக்கு ஸ்லீவ் (உள்ளே இறக்கும் புதுக் குழாய்) போடலாமா, இன்னொரு முறை குடைந்து பெரிதாக்கலாமா?

நண்பர்களே, அப்பா ஓட்டிய 350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக், 1960களின் வண்டி. முறுக்கினால் நீலப்புகை கொட்டியது, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். சிலிண்டரின் மேல் ஓரத்தில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு. போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வட்டமே இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது. பிஸ்டன் தலையில் ‘040’ என்று அடித்திருக்கிறது, அதாவது 0.040 அங்குலம். ஏற்கனவே ஏறக்குறைய 1 மி.மீ. பெரிதாக்கிவிட்டார்கள். இன்னும் குடைந்தால் சுவர் மெலிந்துவிடுமோ என்று பயம். ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்கே திரும்புவதுதான் சரி என்று படுகிறது. செய்தவர்கள் சொல்லுங்கள், ஸ்லீவ் சூட்டில் நகராமல் நிற்கிறதா?

அப்புறம், பிஸ்டனை கிராங்கோடு (சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தால் ‘டிக்’ என்கிறது. பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கலாம், இது கூடாது. ராடின் கீழ்முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கை மாற்றி கிராங்கை நேர் பார்த்துச் சேர்த்தவர்கள் யாராவது வழிகாட்டுங்கள். அசல் சிலிண்டரைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.