புதுப்பிப்பு: பெர்லின் சைக்கிள் டூர் போய் வந்தோம்

இருபது வருடமாக சைக்கிளைத் தொடாத என் அக்காவோடு பெர்லினில் கைடு கூட்டிப்போகும் சைக்கிள் டூர் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தைரியமாகப் போங்கள் என்ற எல்லோருக்கும் நன்றி. நன்றாகவே முடிந்தது.

பயந்ததுபோல் மேடு எதுவும் இல்லை, ஊரே தட்டை. சிக்கல் பிரேக்கில்தான். எங்களுக்குக் கொடுத்த சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும். அக்கா நம் ஊர்ப் பழக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்ற, வண்டி சடாரென்று நின்றது. கிளம்பும் முன் காலி இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே வலப்பக்கம்தான் போக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒருகாலத்தில் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் நின்ற பாதையில் பல இடங்களில் தரையில் இரட்டை வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்கள். சக்கரம் ஏறும்போது கைப்பிடி லேசாக அதிரும். எத்தனையோ பேர் தாண்ட முயன்று உயிரை விட்ட கோடு அது.

பெர்னவர் தெருவில் இறங்கி நடந்தோம். அங்கே அன்று ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில், வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கில். 1961-இல் எல்லையை அடைத்தபோது ஜன்னல் வழியே குதித்துத் தப்பியிருக்கிறார்கள். 1985-இல் வெடி வைத்துத் தகர்த்த தேவாலயத்தின் இடத்தில் இப்போது மண்சுவரால் ஒரு சிற்றாலயம். பழைய கட்டடத்தின் செங்கல் துண்டுகள் அந்த மண்ணுக்குள் தெரிகின்றன. அக்கா அதில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

அப்புறம், 2008-இல் மூடிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதையிலும் சைக்கிள் விடலாம். மறுநாள் நாங்களே வாடகைக்கு எடுத்துப் போனோம். அக்காதான் முன்னால்.