பொவே கதீட்ரல் ஏன் பாதியிலயே நிக்குது?

கேள்வி:
பிரான்ஸ்ல பொவே ஊர்ல இருக்குற கதீட்ரல் படங்கள பாத்துட்டு இருந்தேன். பீடம் இருக்குற பக்கம் அண்ணாந்து பாக்குற அளவுக்கு இருக்கு, ஆனா ஜனங்க நிக்குற நீளமான நடுமண்டபம் இல்லவே இல்ல, அந்த இடத்துல சின்னதா ஒரு பழைய சர்ச் நிக்குது. காசு தீந்துபோச்சா, இல்ல கட்டுனதுலயே கோளாறா? 1284ல இடிஞ்சதுன்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் 1573னு சொல்றாரு, எது சரி?

பதில் 1:
ரெண்டும் சரிதான், ரெண்டு தடவ இடிஞ்சுது. 1225ல ஆரம்பிச்சாங்க, பீடத்துக்கு மேல கல் கூரை சுமார் 48 மீட்டர் உயரம், பிரான்ஸ்லயே இருக்குற இன்னொரு பெரிய கதீட்ரல், அமியான் ஊர்ல உள்ளதே கிட்டத்தட்ட 42 மீட்டர்தான். 1272 வாக்குல முடிச்சு 12 வருஷத்துல கூரையில ஒரு பகுதி விழுந்துருச்சு. கல் வளைவு எப்பவும் சுவர வெளிப்பக்கமா தள்ளும், அத வாங்கிக்கத்தான் வெளிய பறக்குற மாதிரி முட்டு குடுக்குறாங்க, இங்க முட்டு ரொம்ப ஒல்லி, தூண்களும் தள்ளித் தள்ளி. காத்துதான் காரணம்னு சொல்றவங்களும் உண்டு, இன்னும் முடிவாகல. திரும்ப கட்டுறப்போ ரெண்டு தூணுக்கு நடுவுல புதுசா ஒரு தூண சொருகிட்டாங்க, போட்டோவ பெருசாக்கி பாருங்க, அந்த நெருக்கமான கூர் வளைவெல்லாம் அப்படி வந்ததுதான்.

பதில் 2:
எனக்கு மனசு ஆறாதது 1573 தான். பீடப் பக்கத்துக்கும் நடுமண்டபத்துக்கும் இடையில குறுக்கா வர்ற குறுக்கு மண்டபம் 1548ல முடிஞ்சுது, அடுத்து நடுமண்டபத்த கட்டியிருக்கணும், அத விட்டுட்டு நட்டநடுவுல கோபுரம் எழுப்புனாங்க, 1569ல முடிச்சப்போ சுமார் 153 மீட்டர். அதத் தாங்குற நாலு தூணுக்கும் மூணு பக்கம் கட்டடம் அண்டை குடுத்துச்சு, நடுமண்டபம் வரவேண்டிய மேற்கு பக்கம் மட்டும் வெறும் வெட்டவெளி. தூண் சாயுதுன்னு சோதிச்சவங்க முன்னாடியே எச்சரிச்சாங்க, ஆனா அத பலப்படுத்துற வேலை சரியா நடக்கறதுக்குள்ள 1573 ஏப்ரல் 30, இயேசு விண்ணேறின திருநாள் அன்னைக்கு கோபுரம் சரிஞ்சுருச்சு. பூசை முடிஞ்சு ஜனங்க வெளிய போயிருந்தாங்க, அதனால தப்பிச்சாங்க. இடிஞ்சத சரி பண்ணவே காசு போச்சு, நடுமண்டபம் அப்புறம் எழும்பவே இல்ல.

கேள்வி கேட்டவர்:
அப்போ அந்த சின்ன சர்ச்?

பதில் 1:
அது 10ம் நூற்றாண்டு, பழைய கதீட்ரலோட மிச்சம். நடுமண்டபம் கட்டியிருந்தா அத முழுசா இடிச்சிருப்பாங்க.

பதில் 3:
இப்பவும் பிரச்சினை ஓயல. முட்டுகளுக்கு நடுவுல இருந்த இரும்புக் கம்பிகள 1960கள்ல அசிங்கமா இருக்குன்னு எடுத்தாங்க, உடனே காத்துக்கு முட்டெல்லாம் ஆட ஆரம்பிச்சுது, மறுபடியும் கம்பி போட்டாங்க. உள்ள போனா குறுக்கு மண்டபத்துல பெரிய மர முட்டுகளும் நிக்கும்.