வாடகை வீட்டில் குரல் பதிவுக்கு ஒரு சின்ன அறை, திங்கட்கிழமைக்குள் வேண்டும், யாராவது சொல்லுங்கள்

நொய்யல்:
வணக்கம். இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. ஊரில் பண்பலையில் ஆறு வருடம் பேசியிருக்கிறேன், அதை வைத்து இப்போது தமிழ் ஒலிநூல் வாசிக்கிற வேலை ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது. மாதிரிப் பதிவு அனுப்பினேன், ஒலித்தரம் போதாது, திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். அது போதாதென்று நேற்று ராத்திரி பத்தே காலுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். சொன்னதில் பாதி புரியவில்லை, கோபம் மட்டும் முழுசாகப் புரிந்தது. படுக்கையறை மூலையில் மரச்சட்டம் அடித்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பெட்டி மாதிரி கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? மைக் இருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

ஸ்கார்பரோ மாமா:
தம்பி, பயப்பட வேண்டாம். நாங்கள் கனடா வந்த நேரம் மைக்காவது, அறையாவது. ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர், மேலே வீட்டுக்காரர் நடந்தால் தலைக்கு மேல் மாடு நடப்பது போல் இருக்கும். நான் அப்போது தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் வாசித்துப் பதிந்து கொடுப்பேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் கடதாசி. வெளியே மைனஸ் இருபது, உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டும். ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, அது ஓய்ந்த பிறகு செத்தவரின் பெயரில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு ஃபாக்டரி வேலை வேறு. முதல் வருடம் எல்லோருக்கும் அப்படித்தான். ஹோம் டிப்போ கடையில் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு), சேஃப் அண்ட் சவுண்ட் என்று கேளும், மூன்று அங்குல மொத்தம். அதை வாங்கிச் சுவருக்குப் பிடித்தால் வடிவாக இருக்கும்.

டெக்சாஸ் தமிழன்:
ராக்வூல் எல்லாம் வேண்டாம் தம்பி, கை அரிக்கும். பன்னிரண்டு துண்டு ஃபோம் பேக் வாங்கி நாலு பக்கமும் ஒட்டிவிடு, அரை நாள் வேலை. அப்புறம் மைக்கை மாற்று, ஷூர் எஸ்எம்7பி வாங்கு, அது அறைச் சத்தத்தை எடுக்கவே எடுக்காது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். முதல் சம்பளத்தில் வாங்கினேன், வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு கதை.

லண்டன் ராகம்:
மன்னிக்கணும், ஃபோம், மைக் இரண்டு யோசனையுமே தப்பு. ஒரு அங்குல ஃபோம் 'ஸ்', 'ஷ்' மாதிரி உயர்ந்த ஒலியை மட்டும் விழுங்கும், அடிக்குரல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், கேட்டால் மூடிய டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கும். 100 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள அடிக்குரல் அலையின் நீளமே சுமார் 3.4 மீட்டர், அதை ஒரு அங்குலப் பஞ்சு என்ன செய்யும்? முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யாராவது வருவதற்குள் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். இன்னொன்று, மலிவான பாலியூரித்தேன் ஃபோம் சரசரவென்று தீப்பிடிக்கும். 2003இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இசைக்கூடம் ஒன்று எரிந்து 100 பேர் இறந்தது, சுவரில் ஒட்டியிருந்த அந்த மாதிரி ஃபோமில் பட்டாசுப் பொறி பட்டதால்தான். எஸ்எம்7பி நல்ல மைக், ஆனால் அதற்கு 60 டெசிபெல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம் வேண்டும், மைக்கைக் கணினியோடு இணைக்கிற சின்ன இன்டர்ஃபேஸ்கள் சிலவற்றில் அவ்வளவு வராது, கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். வாயருகே வைத்துப் பேசுவதால்தான் அதில் அறை கேட்பதில்லை, எந்த மைக்கையும் அப்படி வைத்தால் அவ்வளவாகக் கேட்காது.

டெக்சாஸ் தமிழன்:
என் சேனலைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் சார், டப்பாவா என்று.

நொய்யல்:
எல்லோருக்கும் நன்றி. முதலில், நான் தம்பி இல்லை, தங்கச்சி என்று வேண்டுமானால் சொல்லுங்கள். இரண்டாவது, நான் இருப்பது ஸ்டுட்கார்ட், ஜெர்மனி. மூன்றாம் மாடி, வாடகை. சொல்ல மறந்துவிட்டேன். ஹோம் டிப்போ இங்கே இல்லை.

மைன் கரை:
ஜெர்மனியா, அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா. சத்தத்தை விடுங்கள், முதலில் உங்கள் விசா என்ன? கணவர் வேலைக்கு வந்து நீங்கள் குடும்ப விசாவில் வந்திருந்தால் அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாப்ட்', அதாவது வேலை செய்து சம்பாதிக்க அனுமதி உண்டு என்று இருக்கும், சுயதொழிலும் அதில் அடங்கும். மாணவர் விசா, ப்ளூ கார்டு (படித்தவர்களுக்கான வேலை அனுமதி) என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். எதுவானாலும் தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் எல்ஸ்டர் என்கிற வரித்துறை இணையதளம் வழியாக வரி அலுவலகப் படிவத்தை நிரப்ப வேண்டும். அப்புறம் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை இங்கே அமைதி நேரம், பத்தே காலுக்கு நீங்கள் பேசினால் அந்த அம்மா பக்கம்தான் நியாயம். அதற்காகப் பகலிலும் பயந்து கிசுகிசுக்க வேண்டாம். 2018 அக்டோபரில் ட்ரம்பெட் வாசிக்கிற ஒருவர் வழக்கில் இந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் இசை வாசிப்பதை அடியோடு தடுக்க முடியாது, வேலை நாளில் இரண்டு மூன்று மணி நேரமும் ஞாயிறு, விடுமுறையில் ஒன்றிரண்டு மணி நேரமும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோராயக் கணக்குச் சொன்னது. ட்ரம்பெட்டுக்கே அவ்வளவு, கதை வாசிப்பதற்கு என்ன? வீட்டு விதித்தாளில் மதிய அமைதி நேரம் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெக்கர் நதி:
ஸ்டுட்கார்ட்டா? கேர்வோகே அட்டை கதவில் தொங்கிவிட்டதா? நான் வந்த இரண்டாம் வாரம், அது ஏதோ வரவேற்பு அட்டை என்று நினைத்துப் பத்திரமாக உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அந்த வாரம் மாடிப்படி கழுவும் முறை என்னுடையது என்று யார் சொன்னார்கள்? ஒரு மாதம் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை.

மைன் கரை:
ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டு நான் வாங்கிய பேச்சு இருக்கிறதே.

ஸ்கார்பரோ மாமா:
இங்கே பனி அள்ளாவிட்டால் நகரசபைக் கடிதமே வரும். எங்கள் காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது? இப்போது பிள்ளைகள் எழுதிக் கேட்கிறார்கள், அந்த மட்டில் நல்லது.

டெக்சாஸ் தமிழன்:
வாடகை கொடுத்துவிட்டு எலி மாதிரி இருக்க வேண்டுமா? எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடுங்கள், பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்.

நெக்கர் நதி:
அங்கே புல் வெட்டவில்லை என்று அசோசியேஷன் அபராதம் போட்ட கதையை நீங்கள்தானே போன மாதம் எழுதினீர்கள்?

ஒலிப்பதிவுக்காரன்:
கதை போதும், அந்தப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை கெடு. நொய்யல், இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். திருப்பி அனுப்பியவர்கள் என்ன எழுதினார்கள், வார்த்தை மாறாமல் போடுங்கள். மைக் எது, வாய்க்கும் அதற்கும் எவ்வளவு தூரம், பதிவு நேரத்தில் அறையில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது? வாயே திறக்காமல் பத்து விநாடி பதிந்து ஹெட்போனில் கேளுங்கள்.

நொய்யல்:
"பின்னணி இரைச்சல் -48 டெசிபெல், -60க்குக் கீழே வேண்டும்" என்று இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மைக் ஏடி2020, மேசையில் ஸ்டாண்டு போட்டு ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறேன். லேப்டாப் அதே மேசையில். சும்மா பதிந்து கேட்டேன், உஸ்ஸென்று ஒன்று, அடியில் ம்ம்ம் என்று ஒன்று. ம்ம்ம் என்பது ஃப்ரிட்ஜ் என்று நினைக்கிறேன், சமையலறை சுவருக்கு அந்தப் பக்கம்தான். விசா கணவர் வழி, அட்டையில் அந்த வார்த்தை இருக்கிறது.

ஒலிப்பதிவுக்காரன்:
அவர்கள் எதிரொலி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். நாம்தான் இவ்வளவு நேரம் ஃபோமுக்கும் ராக்வூலுக்கும் சண்டை போட்டோம். சத்தம் வெளியே போகாமல், உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை, அறைக்குள் எதிரொலியை அடக்குவது வேறு வேலை. முதலாவதற்குக் கனமான சுவரும் ஒரு இடுக்குகூட இல்லாத கதவும் வேண்டும், அப்புறம் மூச்சு விடத் தனியாகக் காற்று வழி வேண்டும். வாடகை வீட்டில் நடக்காது, ஸ்டைரோஃபோமும் பஞ்சும் ஒட்டினால் கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் குறையாது. அவருக்கு மருந்து கடிகாரம்தான், பகலில் பதியுங்கள். அந்த ஒரு மீட்டர் பெட்டியும் வேண்டாம். ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிராகச் சுவர் இருந்தால் 170 ஹெர்ட்ஸ் பக்கம் கும்மென்று எழும்பும், உங்கள் குரலின் அடியே அங்கேதான் இருக்கும். காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். லேப்டாப்பை மேசையிலிருந்து எடுத்து, வயர் எட்டுகிற அளவுக்குத் தள்ளி வையுங்கள், கதவுக்கு வெளியே போனால் இன்னும் நல்லது. சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மைக்கை முழத்திலிருந்து சாணுக்குக் கொண்டு வாருங்கள். முழத்தில் இரண்டு சாண் அல்லவா, தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் ஏறும், கெயினை அந்த அளவு இறக்கலாம், இரைச்சலும் கூடவே இறங்கும். காற்று அடிக்காமல் பாப் ஃபில்டர் என்கிற வலைத் தடுப்பு வைத்து, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஃப்ரிட்ஜை அணையுங்கள், வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள், வெளியே கிளம்பும்போது திரும்பப் போட ஞாபகம் வரும், படப்பிடிப்பில் ஒலிக்காரர்கள் செய்கிற பழைய தந்திரம். பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற ஒலியை வெட்டிவிடுங்கள், உங்கள் குரலுக்கு அங்கே வேலை இல்லை.

எதிரொலிக்கு இப்போதைக்குத் துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். எல்லோரும் மைக்குக்குப் பின்னால் மெத்தை வைப்பார்கள். மைக் பார்ப்பது உங்கள் முகத்தையும் அதற்குப் பின்னால் இருக்கிற சுவரையும்தான், அதனால் முதுகுப் பக்கம்தான் முக்கியம். தலைக்கு மேலே துணிக்கொடி ஸ்டாண்டை விரித்து ஒரு ரஜாய் போடுங்கள். வேலை உறுதியான பிறகு பவுமார்க்டில் (கட்டுமானப் பொருள் கடையில்) சோனோராக் என்கிற ராக்வூல் பலகை 10 செ.மீ. மொத்தத்தில் வாங்கி, மரச்சட்டத்தில் வைத்து மோல்டன் என்கிற தடித்த துணி சுற்றி நாலு தட்டி செய்துகொள்ளலாம். கையுறை, மாஸ்க் போட்டு வெட்டுங்கள்.

நெக்கர் நதி:
அந்தத் தட்டிகளை வெளிச்சுவரில் ஒட்ட வைக்காதீர்கள் தங்கச்சி. குளிர்காலத்தில் பின்னால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் கழிப்பார்கள். காலில் நிற்கிற மாதிரி செய்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், தினமும் ஜன்னலைத் திறந்து விடுங்கள். நான் அலமாரியை ஒட்டி வைத்துப் பட்டது, சுவர் முழுக்கக் கறுப்பு.

லண்டன் ராகம்:
முதுகுப் பக்கம் என்பது சரி. ரஜாய் போதும், ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வாருங்கள், புழுக்கத்தில் குரல் களைத்துவிடும், அது பதிவில் கேட்கும்.

நொய்யல்:
சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை பதிந்தேன், -63 வந்தது. கீழ்வீட்டு அம்மாவைப் படியில் பார்த்து, இனி எட்டுக்குள் முடித்துவிடுவேன் என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து வாசித்தேன், ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினார். கோப்பை அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு தப்பு, சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டதை இவரிடம் சொல்லவில்லை, நானும் மறந்து தூங்கிவிட்டேன். ஞாயிறு காலை ரொட்டி வாங்கக் கிளம்பியவர் முக்கால் மணி நேரம் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார். பால் திரிந்துவிட்டது. இந்தக் குளிரில் நாலு மாதமாகப் புளிக்காத தோசை மாவு மட்டும் நன்றாகப் பொங்கியிருந்தது.