உதவி தேவை: இரவில் மத்திய அலை முழுவதும் இரைச்சல், தூரத்து நிலையம் ஒன்றுகூடச் சிக்கவில்லை

ஒட்டன்சத்திரம் தோட்டம்:

வணக்கம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நீளவாட்டு நோட்டு கிடைத்தது. 1976, 77ஆம் ஆண்டுகளில் இரவில் டிரான்சிஸ்டரில் தேடிக் கேட்ட நிலையங்களை அதில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தேதி, மணி, கிலோ சைக்கிள் (இப்போது கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள்), என்ன மொழி, பாட்டா பேச்சா என்று எல்லாம் இருக்கிறது. ஓர் இடத்தில் “மொழி தெரியவில்லை, பாட்டு நன்றாக இருந்தது” என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததில் இருந்து நானும் அப்படிக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. சின்ன டிஜிட்டல் ரேடியோ ஒன்று வாங்கி மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன்.

நோட்டில் இருக்கும் எந்த எண்ணிலும் எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தோதாகத்தான் ரேடியோவை 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் வைத்தேன், நோட்டில் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறதே. திருச்சி மட்டும் 930இலும் வருகிறது, 940இலும் வருகிறது. இரண்டிலும் மூக்கடைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. பகலில் அப்படியாவது வருகிறது, இரவு எட்டு மணிக்கு மேல் ஏறி இறங்கிக் குழறுகிறது.

பெரிய தொல்லை இரைச்சல். சாயங்காலம் ஆறரை ஆனால் பேண்ட் முழுவதும் ‘ங்ர்ர்ர்’ என்று ஓர் உறுமல். அதற்குள்ளே நொடிக்கு ஒரு தடவை ‘டக்’, ‘டக்’. ஏரியலை முழுதாக இழுத்து, அதில் 20 மீட்டர் ஒயர் கட்டித் தென்னை மரம் வரை கொண்டு போனேன். இரைச்சல்தான் கூடியது.

ரேடியோ பழுதா? கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

வால்வு செட்:

தம்பி, ரேடியோவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்னதில் ரேடியோவின் கோளாறு என்று ஒன்றுகூட இல்லை.

முதலில் அப்பாவின் நோட்டு. அவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும், எண்கள்தான் பிறகு மாறிவிட்டன. அந்தக் காலத்தில் நம் பக்கம் மத்திய அலை நிலையங்கள் பத்துப் பத்துக் கிலோ சைக்கிள் இடைவெளியில் இருந்தன. 1975இல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தப்படி ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எல்லாவற்றுக்கும் ஒரே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று ஆனது. 1978 நவம்பர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதனால் இப்போது நம் பட்டியல் 531, 540, 549 என்று ஒன்பது ஒன்பதாகப் போய் 1602 வரை வரும். அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் இன்றும் பத்துதான்.

திருச்சி 936. பத்து ஸ்டெப்பில் உங்கள் ரேடியோவால் அந்த எண்ணில் நிற்கவே முடியாது. 930இல் ஒரு ஓரத்தையும் 940இல் இன்னோர் ஓரத்தையும் கேட்கிறீர்கள், அதுதான் மூக்கடைப்பு. கையேட்டில் 9 கே, 10 கே என்று எங்காவது இருக்கும். பெரும்பாலும் ரேடியோவை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறும். மாற்றிவிட்டு 720 சென்னை, 612 பெங்களூரு, 1161 திருவனந்தபுரம் என்று போய்ப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஆகாசவாணி சில வருடங்களாகப் பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. பட்டியலில் இருக்கும் எண் காற்றிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து, அந்த 20 மீட்டர் ஒயரை இன்றைக்கே கழற்றுங்கள். இழுக்கிற ஏரியல் எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலைக்கு ரேடியோவின் உள்ளே கருப்பாக ஒரு ஃபெரைட் ராடு இருக்கும், அதன் மேல் செப்புக் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஏரியல். நீங்கள் கட்டிய ஒயர் வீட்டுக் கரண்ட் இரைச்சலை வாரிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறது. இடி மழை நேரத்தில் அது ஆபத்தும்கூட.

மதுரை ஹாம்:

இரவில் திருச்சி குழறுவது ஏன் என்று நான் சொல்கிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பகலில் உங்களுக்கு வருவது தரையோடு ஒட்டி வருகிற அலை. வானத்துக்குப் போகிற அலையை 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு விழுங்கிவிடும். அந்த அடுக்கு வெயில் இருக்கும் வரைதான். சூரியன் மறைந்ததும் கரைந்து போகும். அப்புறம் அலை இன்னும் மேலே இருக்கும் அடுக்குகளில் பட்டு வளைந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இரவில் தூரத்து நிலையம் கேட்பது இதனால்தான்.

உங்கள் ஊருக்கும் திருச்சிக்கும் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அந்தத் தூரத்தில் இரவானால் தரை அலையும் வருகிறது, வானலையும் வருகிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில். வானலை சுற்றிக்கொண்டு வருவதால் கொஞ்சம் பிந்தி வருகிறது. சில நேரம் இரண்டும் சேர்ந்து ஒலி ஓங்கும், சில நேரம் ஒன்றை ஒன்று வெட்டும். வெட்டும்போது குரல் குழறும். திருச்சிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 500 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு வானலை மட்டும் வருவதால் அவர்களுக்கும் இவ்வளவு இல்லை. நடுவில் இருக்கிற நமக்குத்தான். மதுரையிலும் இதே கதை. நான் இரவில் திருச்சியை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

இரைச்சலுக்கு வருவோம். ரேடியோ பேட்டரியில்தானே ஓடுகிறது? அப்படியானால் ஒரு வேலை செய்யுங்கள். இரவு ஏழு மணிக்கு ரேடியோவை நிலையம் இல்லாத ஓர் எண்ணில் வைத்துவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். உறுமல் அடங்கினால் திருடன் வீட்டுக்குள்ளே இருக்கிறான். அப்புறம் மெயினைப் போட்டு, ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கிப் பாருங்கள். ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். என் வீட்டில் இன்வெர்ட்டர்தான். நான் அதைக் கண்டுபிடித்ததே ஒரு பவர் கட்டில்: தெருவே அமைதியாகிவிட்டது, என் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் பேண்ட் முழுவதும் இரைந்துகொண்டிருந்தது.

ஆறரை மணிக்குத் தொடங்குகிறது என்கிறீர்கள். எனக்கு விளக்கு மேல்தான் சந்தேகம்.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. 9 ஸ்டெப்புக்கு மாற்றினேன். திருச்சி பகலில் பளிச்சென்று வருகிறது. அம்மா அடுப்படியில் இருந்து வந்து நின்று கேட்டார்.

மெயினை இறக்கியதும் உறுமல் பெரும்பகுதி அடங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் மாடிப்படி எல்இடி பல்பும் ஹாலில் ஃபேன் ரெகுலேட்டரும்தான். பல்பை ஆறரைக்குப் போடுவோம், அண்ணா சொன்னது சரி. பல்பை மாற்றிவிட்டேன். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தால் சத்தம் நின்றுவிடுகிறது.

ஆனால் ‘டக்’, ‘டக்’ அப்படியே இருக்கிறது. மெயினை இறக்கினாலும் நிற்கவில்லை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல். தோட்டத்துப் பக்கம் போனால் கூடுகிறது.

நாகை அலை:

பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்குச் சோலார் வேலி போட்டிருக்கிறார்களா? வேலி மெஷின் ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை உயர் அழுத்தத் துடிப்பை விடும். கம்பி சுத்தமாக இருந்தால் ரேடியோவில் அவ்வளவாகத் தெரியாது. புல்லோ கொடியோ கம்பியைத் தொட்டால், இல்லை இன்சுலேட்டர் விரிசல் விட்டால், அந்த இடத்தில் பொறி பறக்கும். அதுதான் உங்கள் ‘டக்’. வேலிக்காரருக்கும் அது நஷ்டம், பொறி பறக்கும் இடத்தில் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், மற்ற இடத்தில் பன்றிக்கு அடி குறையும். அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். ரேடியோவை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தால் எந்த இடம் என்று ரேடியோவே காட்டும். கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அதுவரை ஒரு வழி. ஃபெரைட் ராடுக்குத் திசை உண்டு. ராடின் பக்கவாட்டில் இருந்து வருவது பலமாகக் கேட்கும், நுனி நீட்டுகிற திசையில் இருந்து வருவது மங்கும். ரேடியோவைத் தட்டையாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள், ‘டக்’ சட்டென்று அமுங்குகிற ஓர் இடம் வரும். அப்போது ராடின் நுனி வேலியைப் பார்த்து நிற்கும். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் மோதும்போதும் இதே வித்தைதான்.

எனக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கொடுப்பினை. உப்புத் தண்ணீர் மேல் தரை அலை நெடுந்தூரம் போகும், பட்டப்பகலில்கூட அக்கரை நிலையங்களை இங்கே கேட்டிருக்கிறேன். உங்களுக்கு மலையும் காய்ந்த மண்ணும், ஆகவே இரவுதான் உங்கள் நேரம். தையும் மாசியும் நல்ல மாதங்கள், ஐப்பசி கார்த்திகை போல இடி மின்னல் கரகரப்பு இல்லை.

வால்வு செட்:

நேரம் பற்றி ஒரு சொல். இருட்டு கிழக்கில் இருந்து வருகிறது. ஜனவரியில் கொல்கத்தாவில் ஐந்தே கால் மணி வாக்கில் சூரியன் மறையும், உங்களுக்கு ஆறே கால் ஆகும். ஆகவே அந்தி நேரத்தில் முதலில் கிழக்கு, வடகிழக்கு நிலையங்கள் தலை காட்டும். அரபு நாடுகள் பிந்தி வரும். அவற்றுக்கு விடியற்காலை ஐந்தரை மணியும் நல்ல நேரம், நமக்கு வெளுக்கும்போது அங்கே இன்னும் இருட்டு.

ராடு மட்டும் போதவில்லை என்றால் ஒரு லூப், அதாவது ஒயரைச் சுற்றிச் செய்கிற ஏரியல், செய்து பாருங்கள். மரச் சட்டத்தில் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் சதுரம், இன்சுலேஷன் ஒயர் 13 சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிக இடைவெளி. மொத்தம் 32 மீட்டர் ஒயர் ஆகும். இரண்டு முனையையும் பழைய ரேடியோவில் இருந்து எடுத்த கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்புகிற பாகம்) சேருங்கள், 365 பிகோஃபாரட் வாக்கில் இருந்தால் போதும். ரேடியோவோடு எந்த இணைப்பும் வேண்டாம், பக்கத்தில் வைத்தாலே போதும். கேங்கைத் திருப்பும்போது ஓர் இடத்தில் நிலையம் குப்பென்று எழும்பும். முதல் தடவை அது நடக்கும்போது யாருக்கும் கையை எடுக்க மனம் வராது.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சோலார் வேலிதான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் ரேடியோவை வைத்துக்கொண்டு நடந்தோம். கிணற்று மூலையில் சத்தம் பெரிதாகக் கேட்டது, கோவைக்கொடி கம்பியில் ஏறிக் கிடந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவரே அரிவாளால் அறுத்துப் போட்டார். இப்போது ‘டக்’ இல்லை.

சட்டம் அடித்து லூப் சுற்றிவிட்டேன். கேங் திண்டுக்கல்லில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கிடைத்தது, காசு வாங்கவில்லை. நேற்று மாலை ஆறே முக்காலுக்கு மொட்டை மாடியில் வைத்து 594இல் கேங்கைத் திருப்பினேன். ஒரு பெண் குரல், வங்காளம் மாதிரி. பின்னால் ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு. பதினைந்து நிமிடம் அலைபோல் வந்து வந்து போனது. நிலையத்தின் பெயர் சொல்லும் நேரத்தில் மங்கிவிட்டது. எந்த நிலையமாக இருக்கும்?

மதுரை ஹாம்:

594 என்றால் மேற்கு வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் சின்சுரா டிரான்ஸ்மிட்டரின் எண். 1000 கிலோவாட், வங்கதேச நேயர்களுக்காக வைத்தது. உங்கள் மொட்டை மாடியில் இருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். ஆனால் பெயரைக் காதால் கேட்கும் வரை நோட்டில் “வங்காளம், நிலையம் உறுதியில்லை” என்றே எழுதுங்கள். டெல்லிச் செய்தி நேரத்தில் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், எல்லா ஆகாசவாணி நிலையமும் அதையே வாங்கி ஒலிபரப்பும். செய்தி முடிந்து உள்ளூர் அறிவிப்பு வரும் வரை காத்திருங்கள்.

பெயர் கிடைத்ததும் ஆகாசவாணிக்கு ஒரு ரிசப்ஷன் ரிப்போர்ட், அதாவது கேட்டதைப் பற்றிய அறிக்கை, அனுப்பலாம். தேதி, மணி, எண், கேட்ட நிகழ்ச்சியின் விவரம், ஒலி எப்படி இருந்தது எல்லாம் எழுத வேண்டும். மணியை உலக நேரத்தில் போடுங்கள், நம் நேரத்தில் இருந்து ஐந்தரை மணி கழித்தால் போதும். சரி என்று கண்டால் கியூஎஸ்எல் அட்டை, அதாவது நீங்கள் கேட்டது அவர்கள் நிலையம்தான் என்று உறுதி சொல்லும் அட்டை, அனுப்புவார்கள்.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:

சரி அண்ணா, அப்படியே எழுதிவிட்டேன். அப்பாவின் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்துக்குப் பிறகு பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது, அதிலேயே தொடர்கிறேன். கேங்கை 594இலேயே விட்டு வைத்திருக்கிறேன். இன்று ஆறரைக்கு மறுபடியும் மாடிக்குப் போகிறேன், பெயர் சொல்லும்வரை இறங்க மாட்டேன்.