புதுப்பிப்பு: முன் டயர் தேய்ந்த காரணம் கிடைத்துவிட்டது

இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் என் காரின் முன் இடது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது என்று எழுதியிருந்தேன். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் பாகம்) கிழிந்திருக்கிறது! வண்டி நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். பிரேக் பிடித்தால் சக்கரம் நகர்ந்து டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளிப்பக்கம் விரியும். அப்போது உள்விளிம்புதான் தேயும். டயரைக் குறுக்கே தடவியபோது ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் போல இருந்தது. அது டோ கோளாறின் அடையாளம், அன்றே கவனித்திருக்க வேண்டும்.

புஷ் மாற்றி, அப்புறம் அலைன்மென்ட் செய்தேன். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதும் நின்றுவிட்டது. ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்ததால் அந்த டயரோடு அதன் ஜோடியையும் மாற்றிவிட்டேன்.

உள்விளிம்பு வெளியிலிருந்து கண்ணில் படாது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டுப் பாருங்கள். புஷ், சக்கரத்தை இணைக்கும் மூட்டுகளான பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகியவை தளர்ந்து ஆடுகின்றனவா என்று பார்க்காமல் அலைன்மென்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.